வீசச் சொன்ன ஹொப்ஸ்

மாமாங்கப் பிள்ளையார் துணை

ரூஜ், ரொறன்ரோ
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள லக்ஷிகாவின் அப்பாவுக்கு,

நாகேஸ்வரி எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் இங்கே சுகமாக இருக்கிறோம். அங்கே கல்லடியில் நீங்களும் உங்கள் அண்ணாவும் வீட்டில் உள்ள எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

நேற்றுப் போனில் பேசியவள் இன்றைக்கு ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடு ஹோலில் இருக்கிறீர்கள். நான் ஒன்று கேட்டால் அண்ணா ஒரு பதில் சொல்கிறார், அவருடைய மருமகள் ஒரு பதில் சொல்கிறாள், தேங்காய் உரிக்க வந்தவரும் ஒரு பதில் சொல்கிறார். உங்கள் பதில் மட்டும்தான் வருவதில்லை. அதுதான் பேனையை எடுத்தேன். பிக்கரிங் அன்புராசா அண்ணை புதன்கிழமை மட்டக்களப்புக்குப் புறப்படுகிறார். அண்ணாவின் இடுப்புக்குப் பூசுகிற களிம்பும் பிள்ளைகளுக்குச் சொக்லேற்றும் அவரிடம் கொடுத்து விடுகிறேன். அவற்றை எல்லார் முன்னாலும் பிரியுங்கள். கடிதத்தை மட்டும் தனியாக இருந்து படியுங்கள்.

இங்கே இந்த வருஷம் பனி சொல்லி வேலையில்லை. பக்கத்து வீட்டு ரஸாக் தம்பி தன் வாசலைத் துப்புரவு செய்யும்போது எங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார். நான் வேண்டாம் என்றால் கேட்பதில்லை. லக்ஷிகா ஞாயிறு தவறாமல் பிக்கரிங்கிலிருந்து வருகிறாள். வேலைக்குப் போகும் ரயில் ஒவ்வொரு நாளும் பிந்துகிறதாம், அதைச் சொல்லியே அரை நாளைக் கழிக்கிறாள். அவளுடைய வாய் யாருடைய வாய் என்று உங்களுக்குத் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

ஃபிரீசரில் என் இறாலுக்குப் பக்கத்தில் நீங்கள் வைத்துவிட்டுப் போன வெள்ளிப் பக்கற்றுகள் நினைவிருக்கிறதா? உங்கள் ஹொப்ஸ், கசப்புக்குப் போடுகிற அந்தக் காய்ந்த பூத் துகள். பங்குனியில் வரும் எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்குக் கறுப்பாக ஓர் ஏல் காய்ச்சப் போகிறேன் என்று ஆவணியிலேயே வாங்கி வந்தீர்கள். பியர் என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது, ஏல் என்றே எழுதுகிறேன். ஒஷாவா தொழிற்சாலையில் கூட வேலை செய்த கிளிபோட் பழக்கிவிட்ட பழக்கம். நீங்கள் ஓய்வு பெற்ற பிறகும் அது ஓய்வு பெறவில்லை. ஒரு பக்கற் ஹொப்ஸுக்காக என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு கடை கடையாக அலைந்தீர்கள். அந்த ஏலில் என்ன அப்படி விசேஷம் என்று நான் கேட்டதற்கு, "கறுப்பும் கசப்பும் சேர்ந்தது, வீட்டுக்காரியைப் போல" என்று சொன்னீர்கள். நான் கையில் இருந்த அகப்பையை ஓங்கினேன். லக்ஷிகா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு புரட்டாதியில் அண்ணா விழுந்து இடுப்பெலும்பு உடைந்த செய்தி வந்தது. ஒரு மாதத்தில் வருகிறேன் என்று போனீர்கள். போகவேண்டிய இடம்தான். நானே உங்கள் பெட்டியை அடுக்கித் தந்தேன். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.

தைப்பொங்கல் கழிந்த மறுநாள் போனில், இந்தப் பக்கற்றுகள் இடத்தை அடைக்கின்றன, என்ன செய்ய என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். தொட வேண்டாம், வந்து பார்க்கிறேன் என்று சத்தம் போடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ, இந்த வருஷம் நடக்காது, வீசிவிடு என்றீர்கள். உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னீர்கள். பக்கற்றுகளைப் பிடித்துக்கொண்டு ஃபிரீசரைத் திறந்தபடியே நின்றேன். மகேஸ்வரன் என்கிற மனிதர் ஹொப்ஸை வீசச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று முப்பது வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா? அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயந்தேன்.

அதனால் வீசவில்லை. நானே காய்ச்சினேன்.

சிரிக்காதீர்கள். வாயில் ஒரு சொட்டும் விட்டறியாதவள்தான். ஆனால் நீங்கள் காய்ச்சிய ஒவ்வொரு தரமும் நிலவறைப் படிக்கட்டில் நின்று ஒவ்வொரு வேலைக்கும் சண்டை பிடித்திருக்கிறேன். அதனால் ஒன்றும் மறக்கவில்லை. கருக வறுத்த பார்லியைத் துணிப்பையில் கட்டிச் சுடுதண்ணீரில் ஊறவைத்தபோது வீடெல்லாம் கோப்பி மணந்தது. நீங்கள் வாங்கி வைத்திருந்த பார்லி மோல்ட் பாகைக் கரைத்தேன், கொதிக்க விட்டேன், முதல் ஹொப்ஸைப் போட்டேன். பார்த்தால் கோழித் தீன் மாதிரி இருக்கிற அந்தச் சாமான் விழுந்ததும் பானை குபுக்கென்று பொங்கிற்று. நீங்கள் என்றால் ஓடி வந்து அடுப்பைக் குறைத்திருப்பீர்கள். எனக்கோ பொங்கல் பொங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை. கை தானாகக் கூப்பிக்கொண்டது. கிழக்குப் பக்கமாக வழிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிழக்குப் பக்கம்தான் வழிந்தது. அடுப்புக்கு அடியிலும் வழிந்தது. அந்தப் பாகு இறுகிப்போய், சுரண்டி எடுக்க இரண்டு நாள் பட்டேன். ஆனாலும் சகுனம் நல்லது, சொல்லிவிட்டேன்.

பானையைப் பின்வளவுப் பனிக்குள் புதைத்து ஆறவைத்து, வாளியில் ஊற்றி, ஈஸ்டைத் தூவி மூடினேன். அதுவரைக்கும் எல்லாம் சரி. பிறகு செய்ததுதான் பிழை. புளிக்கிற சாமான் என்றால் சூடு வேண்டும் என்பது என் கணக்கு. இந்தக் குளிரில் அப்பமாவையே வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் போர்த்திவைத்துத்தானே பொங்க வைக்கிறேன்? அதே மாதிரி வாளியை லக்ஷிகாவின் பழைய கம்பளியால் சுற்றி ஃபேர்னஸோடு ஒட்டி வைத்தேன். விடியப் போய்ப் பார்த்தால் மூடி ஒரு பக்கம், கம்பளி ஒரு பக்கம். சுவரில் நுரை, அரிசி மூட்டையில் நுரை. நீங்கள் வந்தால் போடுவதற்கு என்று எடுத்து வைத்திருந்த ஸ்னோ பூட்ஸ் நிறைய நுரை.

அன்றைக்கென்று பார்த்து ரஸாக் தம்பி ஃபேர்னஸ் ஃபில்டர் மாற்ற வந்தார். அவருக்கு அதுதான் தொழில், காசு வாங்க மாட்டார். பாதிப் படியில் நின்று மூக்கைச் சுருக்கினார். நான் வெட்கத்தில் முந்தானையால் வாளியை மறைத்தேன், அவ்வளவு பெரிய வாளியை. அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அக்கா, நான் இதில கை வைக்க மாட்டன், குறை நினைக்காதீங்க. ஆனா சூட்டை விட்டு அங்கால தள்ளி வைங்க. இது அப்பமில்ல." வாளியைத் தொடாமலே, குளிர் அறைக்கு வரும் சூட்டுக் குழாயை அடைத்துத் தந்தார். நான் தனியே வாளியை இழுத்துக்கொண்டு போனேன். காத்தான்குடி மனிதரும் கல்லடி மனுஷியும், இரண்டு பேரும் வாயில் வைக்காத ஒரு சாமானுக்காகப் பட்ட பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பின்னேரம் அவருடைய மனைவி றசீனா இனிப்பாக வட்டிலப்பம் கொடுத்தனுப்பினாள். இரக்கப்பட்டுத்தான் இருக்கும்.

போகும்போது அவர், உங்களைத்தான், அண்ணன் எப்போது வருகிறார் என்று கேட்டார். பங்குனி முதல் கிழமை என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. அன்றிலிருந்து கோயிலிலும் கடையிலும் கேட்கிறவர்களுக்கெல்லாம் அதையே சொல்லி வருகிறேன்.

மிச்ச ஹொப்ஸைக் கடைசியில், கறிக்குத் தாளித்துக் கொட்டுவதுபோல, வாளிக்குள் போட்டேன். சில நாள் கழித்துப் போத்தல்களில் அடைத்தேன். போத்தல் கழுவியதில் மட்டும் உங்களால் குறை சொல்ல முடியாது. என் தேசிக்காய் ஊறுகாய் ஒரு வருஷமும் பூஞ்சணம் பிடித்ததில்லை. அடைக்க முதல் லக்ஷிகாவுக்கு ஒரு கிளாஸ் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கெட்டுப்போயிற்றா என்று கேட்டேன். "அம்மா, ஐ ஸ்வெயார், அப்பான்ட ஏலை விட நல்லா இருக்கு" என்றாள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். நானும் கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். முதலில் கோப்பி, பிறகு பாவக்காய், அதற்குப் பிறகு ஒரு தோடம்பழத் தோல் வாசனை. வீட்டுக்காரியைப் போல என்று சொன்னீர்களே, அந்தக் கடைசி வாசனையையும் சேர்த்துத்தான் சொன்னீர்களா?

பிறகு அவள் கிளாஸைக் கழுவிக்கொண்டே, அப்பா வராவிட்டால் இவ்வளவையும் யார் குடிப்பது என்று கேட்டாள். நான் தேத்தண்ணி வைக்க மேலே வந்துவிட்டேன்.

நீங்கள் அனுப்பும் படங்களை ஒன்றுவிடாமல் பார்க்கிறேன். கூரை மாற்றியிருக்கிறீர்கள். புதுத் தண்ணீர்த் தாங்கி. பின்னறைக்கு நீல நிறம், எனக்குப் பிடித்த நிறமென்று தெரிந்து அடித்தீர்களா, தெரியாமல் அடித்தீர்களா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். போன கிழமைப் படத்தில் கிணற்றடியில் ஒரு மாங்கன்று. அண்ணா இப்போது பொல்லோடு கோயில் வரைக்கும் நடக்கிறார் என்று அவரே போனில் சொன்னார், மருமகளும் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறாள். அப்படியென்றால் அந்த மாங்கன்று யாருக்கு?

அங்கேயே இருந்துவிட வேண்டும் என்று உங்கள் மனம் சொன்னால் அது பாவமில்லை. தொழிற்சாலைச் சத்தத்திலேயே காலம் போக்கினவர், இப்போது வாவிக் காற்றில் காலை நீட்டி இருக்க ஆசைப்படுவதை நான் விளங்காதவள் இல்லை. எனக்கு நோகிறது வேறு. இத்தனை மாதத்தில் ஒருதரம்கூட, நீயும் வாவன் என்று நீங்கள் கேட்கவில்லை. நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன் என்று பயமா? கேட்டால்தானே தெரியும். கேட்காமலே என் பதிலையும் நீங்களே சொல்லிக்கொண்டீர்கள், என்னுடைய ஹொப்ஸை வீசச் சொன்னதுபோல. ஓம், என்னுடையதுதான். என்னைப் போல என்று சொல்லித்தானே வாங்கினீர்கள்?

கல்யாண நாளுக்கு வாருங்கள். அதற்குப் பிறகு ரூஜா, கல்லடியா, ஆறு மாதம் அங்கே ஆறு மாதம் இங்கேயா என்பதை இரண்டு பேரும் ஒரு மேசையில் இருந்து பேசுவோம். ஸ்பீக்கர் இல்லாமல். சண்டை வந்தாலும் பரவாயில்லை, சண்டை பிடித்து எவ்வளவு நாளாயிற்று.

போத்தல்கள் குளிர் அறைத் தட்டில் வரிசையாக இருக்கின்றன, பங்குனிக்குச் சரியாகப் பதம் வரும். ஸ்னோ பூட்ஸைக் கழுவிக் காயவைத்து வாசலில் வைத்திருக்கிறேன். விமான நிலையத்துக்கு நானும் லக்ஷிகாவும் வரும்போது கொண்டு வருவோம்.

போத்தல் திறப்பான் நீங்கள் மாட்டிய ஆணியிலேயே தொங்குகிறது. ஒவ்வொரு முறையும் முதல் போத்தலைத் திறந்து, கிளாஸை என் மூக்குக்குக் கிட்டக் கொண்டு வருவீர்கள். நானும் ஒவ்வொரு முறையும், அங்கால கொண்டு போங்க என்று முகத்தைத் திருப்புவேன். இந்த முறையும் நீங்களே திறவுங்கள். கிட்டக் கொண்டு வாருங்கள். முகத்தைத் திருப்ப மாட்டேன்.

மாமாங்கப் பிள்ளையார் உங்களைக் கைபிடித்துக் கூட்டி வரட்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
நாகேஸ்வரி