பாதி மொட்டை

மே 12, ஞாயிறு

காலை ஏழுக்கே வெயில். சீவலப்பேரிக்கு டவுன் பஸ். குலசாமி கோவிலில் பாப்பாவுக்கு மொட்டை. பதினோராம் மாதம் தாண்டக் கூடாதாம். இவருடைய அக்கா குறித்த நாள். மதினி சொன்னால் சொன்னதுதான்.

தாய்மாமன் மடி, அதாவது என் தம்பி முருகன். உட்கார வைத்ததுமே ஆரம்பம். வில்லாக வளைந்தாள். தம்பியின் கட்டைவிரலைக் கடித்தாள். இவர் கைகளை, மதினி கால்களை, நான் தலையை. ஒரு கைப்பிள்ளையை அமுக்க நாலு பேர்! பின்னால் இன்னும் ஐந்து தலை காத்திருக்கிறது என்று முடி எடுக்கும் அண்ணாச்சிக்கு அவசரம். வலது பாதி முடிவதற்குள் கத்திக் கத்தி உதடு நீலம். காதுக்குப் பின்னால் கீறி ரத்தம்.

பிடுங்கித் தூக்கிவிட்டேன். "போதும், எந்திரிலே முருகா."

"எம்மா, பாதியில விட்டா நல்லாருக்காதும்மா" என்றார் அண்ணாச்சி.

மதினி: "சாமிக்கு யாராச்சும் பாதி முடி குடுப்பாவளா? ஒனக்கு கொஞ்சம் பொறுமை வேணும்ட்டி."

எனக்கா!

திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டு அம்மாள்: "பிள்ளைக்குப் பூச்சிவெட்டா?"

மே 13, திங்கள்

மேகம் போட்டது, பெய்யவில்லை. கேஸ் புக் செய்ய. தடுப்பூசி அட்டை தேட. உளுந்து ஊறப்போட.

பாதித் தலையோடு பாப்பாவின் ஆட்சி. செருப்பு வாயில். ரிமோட் தண்ணீர்க் குடத்தில்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மதினி போட்டது: ரோஜாப்பூ, அதன் மேல் "பொறுமையே தாய்மை". யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். போட்டது யார்? குக்கர் மூன்றாவது விசில் வரும்வரை நிற்க மாட்டாதவர். வண்ணாரப்பேட்டை சிக்னலில் பச்சை விழும் முன்பே ஹாரன் அடிக்கும் இவர், அதற்கு ஒரு கட்டைவிரல் வேறு. பற்றிக்கொண்டு வந்தது.

எனக்குப் பொறுமை சொல்ல ஊரே இருக்கிறது. பாப்பாவுக்காகப் பத்து நிமிடம் பொறுக்க ஒருத்தருக்கும் முடியவில்லை.

நாளைக்குச் செவ்வாய், முடி எடுக்கக் கூடாது. அதனால் மீதிப் பாதிக்குப் புதன். "கையக் கால துண்டுல சுத்திக் கெட்டிருவோம், அப்புறம் எங்கன திமிருவா?" என்கிறார் மதினி. இவர் "சரிக்கா" என்கிறார். அவள் என்ன மூட்டையா?

மே 14, செவ்வாய்

புழுக்கம். கரண்ட் இரண்டு தடவை போனது.

இட்லி மாவுச் சட்டியிலிருந்து மூன்று முறை தூக்கிக் கொண்டுபோய் விட்டேன். மூன்று முறையும் தவழ்ந்து வந்தாள். நாலாவது முறை கவிழ்த்தாள். அடித்துவிட்டேன். தொடையில் என் விரல் நாலும் சிவப்பாக. அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள், திரும்பவும் மாவில் கையை வைத்தாள். அழுதது நான்.

ஞாயிற்றுக்கிழமை தலையைப் பிடித்ததும் நான்தானே. மதினியை மட்டும் திட்டி என்ன பயன்.

கழுவிவிட வாளி பக்கத்தில் உட்கார வைத்து மக்கைக் கொடுத்தேன். மொண்டு ஊற்றினாள், மொண்டு ஊற்றினாள். அரைமணி நேரம், சத்தமே இல்லை. நகம் வெட்டிப் பார்த்தேன். எப்போதும் பெரிய சண்டை. இன்று கையை இழுத்தால் விட்டேன். கொஞ்ச நேரத்தில் அது தானே வந்தது. பத்து விரலும் முடிந்தது.

நாளை: துண்டு வேண்டாம். வாளி, மக்.

மே 15, புதன்

மறுபடி சீவலப்பேரி. கூட்டமில்லை. ஆற்றில் படி நனையும் அளவு தண்ணீர்.

மதினி துண்டை விரித்தார். இவர் சட்டைக் கையை மடித்தார். "யாராச்சும் பிள்ளையத் தொட்டா இப்படியே பஸ் ஏறிருவேன். பாதி மொட்டையோட வளரட்டும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

தம்பி நனைந்த படியில், மடியில் அவள், முன்னால் வாளி. அண்ணாச்சி தலையில் கை வைத்தார், தட்டிவிட்டாள். எடுத்துக்கொண்டார். மறுபடி வைத்தார், மறுபடி தட்டினாள். "பைய பாப்போம்மா, இன்னிக்கு எனக்கு என்ன சோலி" என்று டீ குடிக்கப் போனார்.

"நல்ல நேரம் போவுது!" மதினி.

"போட்டும் மதினி."

அண்ணாச்சி திரும்பி வந்ததும் பாப்பா அவரிடம் மக்கை நீட்டினாள். தன் தலையில் ஊற்றிக்கொண்டார். ஒரே சிரிப்பு. பிறகு தன் தலையிலும் ஊற்றிக்கொண்டாள். புது பிளேடு. இரண்டு இழுப்பு, நிறுத்தம். இரண்டு இழுப்பு, நிறுத்தம். மொத்தம் ஒரு மணி பத்து நிமிடம். யாரும் பிடிக்கவில்லை, அவள் அழவில்லை.

"அண்ணாச்சிக்கு கைராசி" என்றார் மதினி. இவர் என் பக்கம் திரும்பி, "பாத்தியா, பொறுமையா இருந்தா எல்லாம் நடக்கும்." என்னிடம்! ஆற்றில் தள்ளிவிடத் தோன்றியது.

இப்போது தூங்குகிறாள். சந்தனம் காய்ந்துவிட்டது. காதுக்குப் பின்னால் அந்தக் கீறல் நன்றாகத் தெரிகிறது, என் விரல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில்.

ஆவணியில் காது குத்தாம். யார் யார் பிடிக்கது என்று இவர் இப்போதே கேட்கிறார்.