பாலத்தருகே நடந்த சண்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் சொல்லாமல் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே கால்வாயில் ஒரு சின்னச் சண்டை. கரையில் கட்டிய படகுகளைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். சரக்குப் படகு ஓட்டும் ரஸ்ஸல் குறைக்கவில்லை. அலை இழுத்ததில், படகிலேயே குடியிருக்கும் டெஸ்மண்டின் படகைக் கரையில் கட்டியிருந்த இரும்பு முளை பிடுங்கிக்கொண்டது. படகு பாலத்தில் மோதி, உள்ளே அவன் மனைவி மேல் கொதிக்கும் வெந்நீர் கொட்டிவிட்டது.

"கால்வாய்ல கப்பலாடா ஓட்டுற?" என்று டெஸ்மண்ட் கத்தினான்.

"முளை அடிக்கத் தெரியாதவனெல்லாம் பேச வந்துட்டான்!" என்று சிரித்தபடி ரஸ்ஸல் கரையிறங்கினான்.

மதகு திறக்கும் இரும்புக் கைப்பிடியால் டெஸ்மண்ட் அவன் முகத்தில் அடித்தான். விழுந்த பிறகும் அடித்தான். தடுக்கப் போன என் மணிக்கட்டிலும் ஒன்று விழுந்தது. எலும்பு முறியவில்லை. ரஸ்ஸலுக்கு ஒரு கண் போய்விட்டது.

பார்த்தவள் நான் மட்டும்தான். நேற்று டெஸ்மண்டின் அண்ணன் என் அலுவலகத்துக்கே வந்தான். "படிச்ச பொண்ணு நீ. ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிடு கண்ணு. தினமும் இந்தக் கரையிலதானே நடக்கணும்?"

பார்த்ததைச் சொல்லத்தான் போகிறேன். கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்பு. தபால் வண்டி வந்துவிட்டது.

அம்மா, வியாழக்கிழமை நீதிமன்றத்துக்கு வருவாயா? வேலையிலிருந்து நேரே உன் மீன் தொழிற்சாலை உடுப்போடு வந்தாலும் சரி, எனக்குத் தெரிகிற இடத்தில் உட்கார்.

உன் ஹெஸ்டர்