அசல் டப்பா

ஓசூர்,
8.6.2003

மாண்புமிகு சித்திரிப்யூட்டர் அவர்களுக்கு,

சித்தி என்றுதான் எழுத ஆரம்பித்தேன். நீ இப்போது டிஸ்ட்ரிப்யூட்டரும் ஆகிவிட்டதால் இரண்டையும் ஒட்டிவிட்டேன். பட்டம் பிடித்திருக்கிறதா? கல்லாவியில் முனிவேல் சித்தப்பாவும் தக்காளித் தோட்டமும் நலமா? தோட்டத்தை முதலில் விசாரிக்கவில்லை என்று அவருக்குக் கோபம் வரும். அவரிடம் மாற்றிப் படித்துக் காட்டு.

போன் பண்ணக்கூடாதா என்று கேட்காதே. உங்கள் ஊர் பூத்காரர் நாம் பேசியதை நமக்கு முன்னால் ஊருக்குச் சொல்லிவிடுகிறார்.

இங்கே ஜூஜுவாடியில் நாங்கள் எல்லோரும் நலம், அம்மாவைத் தவிர. தலைசுற்றல் நின்றபாடில்லை. மாதாமாதம் அந்த நாட்களில் படும் பாடு உனக்கே தெரியும். கம்பெனி டிஸ்பென்சரியில் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டால், "அது வயித்தக் கட்டுதுடி. எந்தங்கச்சி குடுத்த பவுடர்லயே எல்லாம் இருக்குதாம்" என்கிறாள்.

உன் மங்கைப்பொலிவு டப்பாவில் ஒட்டிய தாளை வரி விடாமல் படித்தேன். ரத்தம் ஊறும், முடி வளரும், மூட்டு வலி போகும், கர்ப்பப்பை பலப்படும், மனக்கவலை தீரும். பஸ் பாஸ் மட்டும்தான் தரமாட்டார்கள் போலிருக்கிறது. 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறது. எந்த ஆய்வு, யார் செய்தது, பவுடர் குடிக்காத பெண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? அதைப் பற்றி மூச்சே இல்லை. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு டாக்டரம்மா சிரிக்கிறார். அதே அம்மா எங்கள் குக்கர் வந்த அட்டைப்பெட்டியில் பட்டுப்புடவையில் சிரிக்கிறார். காலையில் கிளினிக், சாயங்காலம் குக்கரா?

அம்மா கம்பெனியில் என்ன செய்கிறாள்? பீஸில் போட்ட துளை சரியான அளவா என்று கேஜ் என்ற அளவுக் கம்பியை உள்ளே விட்டுப் பார்க்கிறாள். கோ பக்கம் போக வேண்டும், நோ-கோ பக்கம் போகக் கூடாது. "பாக்க நல்லாத்தான் இருக்குது" என்று எந்த சூப்பர்வைசர் கெஞ்சினாலும் பீஸை விடமாட்டாள். தன் உடம்பை மட்டும் ஒரு தாளைப் பார்த்து பாஸ் பண்ணிவிட்டாள்.

நீ சொன்னால் கேட்பாள். மாத்திரையையும் சாப்பிடு என்று ஒரு வரி எழுது.

உன் தீராத தொல்லை,
சுவாதி


கல்லாவி,
17.6.2003

என் செல்லக் குரங்குக்குச் சித்தியின் ஆசிகள்.

உன் கடிதத்தைப் படித்துச் சித்தப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். நான் பாதி சிரித்தேன். மீதிப் பாதியை நேரில் வந்து உன் காதைத் திருகித் தீர்த்துக்கொள்கிறேன்.

கேள்வி கேட்பது தப்பில்லை. ஆனால் கண்ணு, நான் யாருக்கோ விற்றுவிட்டு ஓடுகிறவள் இல்லை. போன வருஷப் பொங்கலிலிருந்து காலையும் மாலையும் நானே குடிக்கிறேன். எனக்கு ஆகாததை என் அக்காவுக்குக் கொடுப்பேனா? ஆய்வைப் பற்றி எங்கள் பவுடர் கம்பெனி லீடர் சௌந்தரராஜன் சாரிடம் கேட்டேன். "ஆய்வு கெடக்கட்டும், அனுபவத்தக் கேக்கச் சொல்லுங்க மேடம். அனுபவத்துக்கு மேல சாட்சி எதுக்கு?" என்றார். அவரோடு யாரால் பேசி ஜெயிக்க முடியும்?

மாத்திரையை நிறுத்து என்று நான் அக்காவிடம் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும், அனுபவம் சுத்தமாக இருக்காது என்று சார் சொல்வார். அதைத்தான் சொன்னேன்.

அடுத்த மாதம் ஓசூரில் மீட்டிங். மண்டபத்தில் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து அனுபவம் சொல்வார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். அக்காவைக் கூட்டிக்கொண்டு வா. வாயைப் பூட்டிச் சாவியை வீட்டில் வைத்துவிட்டு வா.

அன்புடன்,
சித்தி


ஓசூர்,
20.7.2003

அன்புள்ள சித்தி,

மீட்டிங்கில் பூட்டிய வாயை இப்போதுதான் திறக்கிறேன். உட்கார்ந்து படி.

அம்மா மைக்கைப் பிடித்ததைப் பார்த்தாயே! கம்பெனி லைனில் ஒரு வார்த்தை அதிகம் பேசாதவள், அத்தனை பேர் முன்னால், "படி ஏறுனா நெஞ்சு அடைக்கும். இப்ப அந்த மாதிரி இல்லைங்க. இந்த ரெண்டாவது டப்பா இன்னும் நல்லா வேல செய்யுது" என்றாள். நீதான் முதலில் கைதட்டினாய். சௌந்தரராஜன் சார், "இதாங்க நிரூபணம்!" என்றார்.

சித்தி, அந்த இரண்டாவது டப்பாவில் இருந்தது ராகி மாவு.

வறுத்து அரைத்து, வெல்லத்தூள், சுக்கு, ஏலக்காய் சேர்த்தேன். நிறம் அச்சு அசல். உன் பவுடரை ஒரு கவரில் கட்டி என் புத்தக அலமாரிக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறேன், வீணாகவில்லை. வாரத்தில் பாதி நாள் சாப்பிடும் களியைத்தான் அம்மா ஸ்பூனில் அளந்து, பாலில் கலந்து, மருந்து என்று குடித்திருக்கிறாள். தெம்பு வந்துவிட்டது! குடித்தால் நல்லது என்று நம்பிக் குடித்தாலே கொஞ்ச நாள் நல்லாத்தான் இருக்கும் போலிருக்கிறது. அப்படியானால் உன் மீட்டிங்கில் சொல்கிற அனுபவத்தில் எது பவுடருடையது, எது நம்பிக்கையுடையது? யாருக்குத் தெரியும்? இதுவரை நிச்சயமாகப் பொலிந்தது சௌந்தரராஜன் சாரின் கார் மட்டும்தான்.

அங்கேயே வெடித்துச் சிரிக்கத் தயாராக இருந்தேன். அம்மா மைக்கைக் கொடுத்துவிட்டு என்னைத் தேடிப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அதனால் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நீயும் பெரிய பேச்சாளர் மாதிரிதான் பேசினாய். மைக் கம்பத்தை விடாமல் இறுகப் பிடித்துக்கொண்டு, என்ன ஸ்டைல்!

உன்
ராகிப் பொலிவு கம்பெனி முதலாளி,
சுவாதி


கல்லாவி,
27.7.2003

சுவாதிக்கு,

படித்தேன். சித்தப்பாவிடம் காட்டவில்லை.

முன்னால் குடித்த டப்பாவின் பலன் உடம்பில் நின்றிருக்கும். அதனால்தான் அக்காவுக்குத் தெம்பு இருந்தது. சாரைக் கேட்டால் இப்படித்தான் சொல்வார். கேட்கவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உனக்கு எல்லாமே விளையாட்டு. உன் பாவாடை சட்டை வயதிலிருந்து நாம் இரண்டு பேரும் சேர்ந்து எத்தனை பேரை ஏய்த்திருப்போம்! என்னை ஏய்ப்பாய் என்று நினைக்கவில்லை. கல்லாவியில் என்னை முனிவேல் பெண்டாட்டி என்பார்கள். எனக்குப் பேர் ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அந்த மேடையில்தான் 'தமிழ்செல்வி மேடம்' என்று கூப்பிட்டார்கள். அதன் மேல் மாவைக் கொட்டிவிட்டாய்.

அக்காவிடம் சொல்லாதே. கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதவும் வேண்டாம்.

தமிழ்செல்வி


ஓசூர்,
16.8.2003

அன்புள்ள சித்தி,

எழுத வேண்டாம் என்றாய். திட்டுவதற்காகவாவது முழுவதும் படித்துவிடு. இதில் விளையாட்டு இல்லை.

நேற்று கம்பெனியில் கொடியேற்றம். குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார்கள். கேன்டீனில் ரத்ததான முகாம். அம்மா தானாகவே போய் வரிசையில் நின்றாள். "எனக்குத்தான் இப்ப ஊறிக்கிட்டு இருக்குதே, குடுத்தா என்ன?" என்று பக்கத்தில் நின்ற கெம்பம்மா அக்காவிடம் சொன்னாள். விரலில் குத்தி ஒரு துளியை நீலத் தண்ணீரில் விடுகிறார்கள். ரத்தம் போதுமான அளவு இருந்தால் துளி அடியில் போய் உட்கார்ந்துவிடும். கெம்பம்மா அக்காவுடையது கல் மாதிரி இறங்கியது. அம்மாவுடையது மிதந்தது.

"அய்யோ, ஏனாயித்து முனிலட்சுமி? உன்னுது மேலயே நிக்குதே!" என்று கன்னடம் கலந்து அம்மாவிடம் பதறினார் கெம்பம்மா அக்கா.

அம்மா குனிந்து அந்தத் துளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "நோ-கோ" என்று மட்டும் சொன்னாள். டிஸ்பென்சரியில் சரியாகப் பார்த்ததில் ஹீமோகுளோபின் ஒன்பது. பன்னிரண்டு இருக்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்ததும் ராகி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "அப்ப மைக்குல நான் சொன்னது?" என்று கேட்டாள். பிறகு அவளே, "மாத்திரைய நிறுத்துனது நாந்தான்டி. டப்பாவ மட்டும் குத்தம் சொல்லி என்ன ஆவுது?" என்றாள். சித்தி, அவள் நன்றாக இருக்கிறேன் என்று நம்பியதால்தான் டாக்டரிடம் போகவில்லை. அந்த நம்பிக்கையை ஒரு மாதம் ஏலக்காய் போட்டு வளர்த்தவள் நான். டப்பாவை மாற்றத் தெரிந்த எனக்கு அந்த மாத்திரை அட்டையை எடுத்து அவள் கையில் கொடுக்கத் தோன்றவில்லை.

நீ இப்போது ஒன்று கேட்கலாம். 'பவுடரை எடுத்துவிட்டு மாவை வைத்தால் ரத்தம் எப்படி ஊறும்?' நியாயமான கேள்வி. என் சோதனை அம்மா விஷயத்தில் செல்லாது.

ஆனால் அசல் டப்பாவை விடாமல் குடிக்கிற ஒருத்தி இருக்கிறாள். மீட்டிங்கில் மைக் கம்பத்தை அவள் பிடித்திருந்தது ஸ்டைலுக்காக இல்லை என்று நேற்றுதான் புரிந்தது. முகாமில் அம்மாவும் மேசையை அப்படித்தான் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு தடவை ரத்தம் பார் சித்தி. பன்னிரண்டு இருந்தால், அடுத்த மீட்டிங்கில் நானே மைக்கைப் பிடித்து உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எல்லோரும் கைதட்டட்டும்.

சுவாதி


கல்லாவி,
30.9.2003

என் குரங்குக்கு,

உன் கடிதத்தை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன், கண்ணில் படக் கூடாதென்று. அரிசி எடுக்கும்போதெல்லாம் கையில் பட்டது.

கடைசியில் ஊத்தங்கரை ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் நீலத் தண்ணீர் இங்கே இல்லை. விரலில் குத்தி ரத்தத்தை ஒரு சின்னக் குழாயில் எடுத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே பக்கத்துக் குழாயின் நிறத்தோடு ஒத்துப் பார்க்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் தாங்குகிறதோ அவ்வளவு நல்லதாம். அந்த நர்ஸ் சீக்கிரமே நிறுத்திவிட்டாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்களேன்" என்றேன். "அவ்ளோதாம்மா. கலர் வந்திருச்சு. ஏழரை" என்றாள். நான் சனியை நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். அந்த நாட்கள் எனக்கு மாதத்தில் பாதியாகி ரொம்ப நாளாயிற்று. பவுடர் குடிக்கிறவள், அதுவும் விற்கிறவள், முடியவில்லை என்று சொன்னால் யார் வாங்குவார்கள்? அதனால் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. கிருஷ்ணகிரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி. பயப்படும்படி இல்லை, மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்கிறார் டாக்டரம்மா. இவர் வெள்ளைக் கோட்டில் சிரிக்கவே இல்லை, அதனால் அசல் டாக்டர்தான் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் மீட்டிங். அனுபவம் சொல்ல என் பேரைக் கூப்பிட்டார்கள். போனேன். "ஒன்றரை வருஷமா விடாம குடிக்கிறேங்க. போன வாரம் ரத்தம் பாத்தேன். ஏழரை இருக்குது" என்றேன்.

கைதட்டினார்கள், சுவாதி. மண்டபம் முழுக்க. யார் பேசி முடித்தாலும் தட்டிப் பழகிய கை.

சௌந்தரராஜன் சார் மைக்கை வாங்கி, "பாத்தீங்களா? நம்ம பவுடர் மட்டும் இல்லன்னா மேடத்துக்கு இன்னும் எவ்ளோ கொறைஞ்சிருக்கும்!" என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். நானும் இத்தனை நாள் அங்கே உட்கார்ந்து தட்டியவள்தானே. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தேன். இனி அந்த மேடை எனக்கு வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் சாந்தம்மா என் பின்னாலேயே வந்தாள். என்னிடம் டப்பா வாங்குகிறவள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து மெதுவாக, "ஏக்கா, அது எந்த ஆஸ்பத்திரி? எந்தெந்த நாள்ல பாக்கறாங்க?" என்று கேட்டாள். அவள் விரல்களும் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்திருந்தன. இத்தனை நாள் டப்பாவை அந்தக் கையில்தான் கொடுத்திருக்கிறேன், பார்த்ததில்லை. திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன் மேல் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தீபாவளிக்கு வந்து வாங்கிக்கொள். வரும்போது அந்த ராகி மாவு கொண்டு வா, ஏலக்காய் தூக்கலாக. மருந்தென்று சொல்லாமல் குடிக்கிறேன்.

அக்காவை மாத்திரை போடச் சொல். டீ குடித்த கையோடு போடக் கூடாதாம், டாக்டரம்மா சொன்னார்.

இப்படிக்கு,
வெறும் சித்தி