சவரிமுத்து சேர் வெட்டி எழுதிய காட்சி

ஜூன் 3, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். குடையின் கம்பி ஒன்று போய்விட்டது.

நாடக மன்றத்தார் பாடசாலைக்கே வந்துவிட்டார்கள். சவரிமுத்து சேர் இறந்து ஒரு வருடம். தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையை உள்ளபடி நாடகமாக எழுதியவருக்கு ஒரு சிறு நூல். "அவர் சொன்னதெல்லாம் நீங்கதான் தொகுக்கணும் டீச்சர். நீங்க அவர்கிட்ட நடிச்சவங்க."

நடித்தது பத்தொன்பது வயதில், ஒரே ஒரு நாடகம். சரி என்றேன்.

ஜூன் 5, வியாழன்
தரம் 8 விடைத்தாள் பாதிதான் முடிந்தது. இடையில் நினைவு வந்தவை:
– "லயத்துல யாரும் தனியாப் பேசிக்க மாட்டாங்க. தனியா இருக்க எடம் ஏது?" (லயத்து வரிசை வீட்டில் எனக்கிருந்த நீண்ட வசனத்தை வெட்டியபோது.)
– "பக்கத்துக் காம்பராவுக்குக் கேக்காத மாதிரி சண்டை போடுங்க."
– "வெறுங்கோப்பையை உறிஞ்சாத. தேத்தண்ணி ஊத்திக் கொண்டா." (எனக்கா, வேறு யாருக்கோ?)

இன்னொன்று. வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை, கொழுந்து பறிப்பவளாக நடித்த என்னை அடிக்கும் காட்சி. கடைசி வாரம் அதை மாற்றினார். அவன் என் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துவிட்டுச் சிரிக்கிறான். நானும் சேர்ந்து சிரிக்க வேண்டும். ஏன் சேர் என்றேன். "சிரி. அவ்வளவுதான்."

ஏன் மாற்றினார்? அந்தப் பாத்திரம் யாரை வைத்து எழுதப்பட்டதோ அந்த நிஜக் கணக்கப்பிள்ளை வட்டகொடையில் இன்னும் இருக்கிறாராம்.

ஜூன் 7, சனி
ஹஜ் பெருநாள், முஸ்லிம் நானாவின் பழக்கடை பூட்டு. பழம் வாங்காமலே வட்டகொடைக்குப் போனேன். ரயில் தாமதம்.

கணக்கப்பிள்ளை மெலிந்த மனிதர், கம்பளித் தொப்பி. மகள் ரதி, தபால் கந்தோரில் வேலை. அந்தக் காட்சியைப் பற்றிக் கேட்டதும் அவரே தொடங்கினார்.

"மேடைக்கு வர்றதுக்கு முந்தி சேர் இங்க வந்து வாசிச்சுக் காட்டுனாருங்க. இதுல பொய் எங்கன்னு கேட்டாரு. ஒரு எடத்துலன்னேன். நான் அந்தப் பொம்பளையை அடிக்கல. கூடையைக் கவுத்துட்டுச் சிரிச்சேன். அதுவும் கூடச் சேந்து சிரிச்சிச்சு."

"யாருங்க அது?"

"சேரோட அம்மாதான்."

ரதி தேத்தண்ணியைக் கொண்டுவந்தவள் அப்படியே நின்றாள். "அந்த நாடகத்தைப் பாத்துட்டு வந்து அந்தக் கணக்கப்பிள்ளையைத் திட்டுனேனேப்பா. நீங்க ஒண்ணுமே சொல்லலையே."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சேர் என்ன சொன்னாருங்க?"

"அம்மா அடிச்சதாத்தான் சொன்னாங்கன்னாரு. பொறகு பென்சிலால அந்தக் காட்சியை வெட்டி எழுதுனாரு."

படி வரை வந்தாள் ரதி. "அப்பா பேரைப் போட்டுறாதீங்க டீச்சர். எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க." போடமாட்டேன் என்றேன்.

திரும்பும்போது ரயிலில் நல்ல கூட்டம், நின்றபடியே. அடி வாங்கியதாக மகனிடம் சொல்ல முடிந்திருக்கிறது அந்த அம்மாவால். சிரித்ததைச் சொல்ல முடியவில்லை.

ஜூன் 9, திங்கள்
மழை விட்டது. இடுப்பு வலி. துணி கொஞ்சம் காய்ந்தது.

நூலில் அவர் பெயருக்குப் பதில் "தோட்டத்தில் பணிபுரிந்த ஒருவர்" என்று எழுதிப் பார்த்தேன். வதந்தி போல இருக்கிறது. சேர் இருந்தால் யார் என்று கேட்பார். ஆனாலும் வாக்குக் கொடுத்தாயிற்று. அப்படியே விட்டேன்.

ஜூன் 11, புதன்
இடைவேளையில் ரதியின் அழைப்பு.

"அந்தம்மா ஏன் டீச்சர் சிரிச்சாங்க? அப்பாகிட்டக் கேக்க வாய் வரல."

மேடையில் எட்டு முறை சிரித்திருக்கிறேன். ஏன் சிரிக்கிறேன் என்று ஒருமுறைகூட எனக்குத் தெரியாது.

"பயத்துல," என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ முத்திரை குத்தும் சத்தம்.

"அந்தம்மாவை அவ்வளவு பயப்பட வச்சிருக்காரே. அப்போ அப்பா பேரைப் போடுங்க."