எடைச் சீட்டின் பின்பக்கம்

இன்று காலை முதல் லாரி எடை மேடையில் ஏறுவதற்குள் நாலு பக்கமாவது படித்துவிடலாம் என்று புத்தகத்தைப் பிரித்தேன். உள்ளே இருந்து ஒரு எடைச் சீட்டு விழுந்தது. பின்பக்கத்தில் உன் கையெழுத்து. ஆனால் எனக்கு எழுதியது இல்லை. பொறாமையில் பற்றி எரிந்தேன். செத்துப்போனவளோடு சண்டைக்கு நிற்கிறவள் திருவொற்றியூரிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

சீட்டில் எழுதுவது நம் இரண்டு பேருக்கும் உரிய வழக்கம் இல்லையா? பதினொரு வருஷம் நீ கம்ப்யூட்டரில் எடை தட்டுவாய், நான் சன்னல் வழியாக லாரிக்காரர்களுக்குச் சீட்டு நீட்டுவேன். நடுவில் ஒரு புத்தகம் கிடக்கும். மந்திரவாதியும் பறக்கும் பாம்பும் வருகிற, தலையணை மொத்தத்துக்கு நாவல்கள். இரண்டு பேரும் சேர்ந்தே படிக்க வேண்டும் என்று முதல் புத்தகத்தின் முதுகை வளைத்து மூன்றாகக் கிழித்தவள் நீதான். எனக்கு உயிரே போய்விட்டது.

"இன்னாடி மொறைக்கிற? கத கிழியலையே," என்றாய்.

பிரித்த பாகங்களைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டோம். எப்போதும் நீ முன்னே, நான் பின்னே. ஒரு பாகம் முடித்ததும் வீணாய்ப்போன எடைச் சீட்டு ஒன்றின் பின்னால் உன் அபிப்பிராயத்தை எழுதி உள்ளே வைத்துத் தருவாய். நானும் முடிக்கிறவரை வாய் திறக்கக் கூடாது.

உன் அபிப்பிராயம் கதையைவிட நன்றாக இருக்கும். "ஆறு மாசமா சண்ட நடக்குது, ஒருத்தனுக்கும் பசிக்கல. சோறாக்குறது யாரு?" என்று ஒரு தடவை எழுதியிருந்தாய். இருநூறு பக்கம் படித்த எனக்கு அது தோன்றவே இல்லையே என்று அன்றைக்கு முழுக்க உன்னோடு நான் பேசவில்லை.

ராயபுரத்தில் உன் முப்பதாம் நாள் பூசையில்தான் ஸ்டெல்லாவை முதன்முதலாகப் பார்த்தேன். உங்கள் மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவளாம். ஒரு பை நிறையப் புத்தகம் கொண்டுவந்திருந்தாள். "அக்கா, இதெல்லாம் அவங்களும் நானும் மாத்தி மாத்திப் படிச்சது. உங்களப் பத்தி சொல்லிகினே இருப்பாங்க. நீங்க வெச்சுக்கோங்க."

எல்லாம் கிறிஸ்தவர்கள் எழுதிய வாழ்க்கைக் கதைகள். ஒரு கன்னியாஸ்திரி, குடியை விட்ட ஒரு மாலுமி, மகனைப் பறிகொடுத்த ஒரு போதகர். எனக்குத் தெரியாமல் உனக்கு இன்னொரு அலமாரி இருந்திருக்கிறது, இன்னொரு தோஸ்தும் இருந்திருக்கிறாள்.

ஒரு மாதமாகப் படிக்கிறேன், குற்றம் கண்டுபிடிக்கத்தான். மாலுமி குடித்த காலத்தை எழுதும்போது பக்கத்தில் வாடையே அடிக்கிறது. திருந்தியதும் பேச்சு பிரசங்கமாகிவிடுகிறது. கன்னியாஸ்திரிக்குக் கோபமே வருவதில்லை, நான் நம்பவில்லை. போதகரை மட்டும் கிண்டல் பண்ண முடியவில்லை. மகனுடைய செருப்பை ஒரு வருஷம் வாசலிலிருந்து எடுக்கவில்லை என்று எழுதுகிறார். அவனை மறுபடி பார்ப்பேன் என்றும் எழுதுகிறார். ஸ்டெல்லாவும் உன்னைப் பற்றி அப்படித்தான் சொல்கிறாள், அடுத்த பஸ்ஸில் நீ வந்து இறங்கப்போகிற மாதிரி. அந்த நிச்சயத்தின் மேலும் எனக்குப் பொறாமை. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

இன்று சீட்டு விழுந்தது அந்தப் போதகரின் புத்தகத்திலிருந்துதான். ஸ்டெல்லா எடுக்க மறந்திருப்பாள்.

"ஸ்டெல்லா, செருப்பு வர்ற எடத்துல ரொம்ப நேரம் அழுதேன். இத எடை மேடைல கீற என் தோஸ்துகிட்ட காட்டாத. சிரிச்சிடுவா. அத மட்டும் என்னால தாங்க முடியாது."

சிரித்தவள்தானே நான். நீ ஒரே ஒரு நாள் அந்தக் கன்னியாஸ்திரியின் புத்தகத்தை எடை மேடைக்குக் கொண்டுவந்தாய். "இன்னாடி, இதுல பாம்பு பறக்காதா?" என்று பிடுங்கி, பிரசங்கக் குரலில் ஒரு லாரிக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நீயும் சிரித்துவிட்டுப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு அந்த மாதிரிப் புத்தகம் இங்கே வரவே இல்லை. ஸ்டெல்லா உன்னைப் பறித்துக்கொண்டாள் என்று ஒரு மாதமாக எரிந்தேனே, அவளிடம் உன்னை அனுப்பிவைத்ததே நான்தான்.

அவள் இப்போது நம் நாவலைக் கேட்கிறாள், ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகப் படித்ததை. முதல் இரண்டு பாகத்தைக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது என் கைப்பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுகிறாள். "அக்கா, மூணாவது எப்போ?"

"படிச்சுகினு கீறேன்மா," என்கிறேன். பச்சைப் பொய். எப்போதோ முடித்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் உன் சீட்டு இருக்கிறது: "முடிவு எனக்குப் புடிக்கல. ஆனா நீ அழுவ. அழுதா என்னக் கூப்புடு. நான் சிரிக்க மாட்டேன்."

அழுதேன்டி.

இன்று வீணாய்ப்போன சீட்டு ஒன்றை எடுத்து, "செருப்பு வர்ற எடத்துல நானும் அழுதேன். சிரிக்கல," என்று எழுதிப் போதகரின் புத்தகத்தில் உன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அதை ஸ்டெல்லாவிடம் கொடுப்பேன். மூன்றாம் பாகத்தை மட்டும் தர மாட்டேன், உன் ஆண்டவரே வந்து கேட்டாலும்.