நான்காம் மணிப் பதில்

அன்புள்ள அம்மா,

நடந்ததை எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஜப்பானிலேயே அதிகம் குளிரும் இந்த ரிகுபெட்சுவில் இன்று மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. அப்பா, தன் கம்பெனியின் புதுப் பனிக்காலணியைச் சோதிக்க வெளியே நின்றார். மணிக்கொரு தரம் கால் எப்படி இருக்கிறதென்று அவர் சொல்ல, நான் படிவத்தில் எழுதினேன். முதலில் “குளிருது”, பிறகு “வலிக்குது”. நான்காம் மணியில், “இப்பக் குளிரே இல்லடி, புத்தகப் புழு! காலணி பாஸ்!” என்று சிரித்தார்.

மரத்த காலுக்குக் குளிர் தெரியாது என்று படித்திருக்கிறேன். கூடாரத்தில் அவர் காலணியைக் கழற்றியதும் பென்சில் முனையால் விரலை அழுத்தினேன். வேறெங்கோ பார்த்திருந்த அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரல் மெழுகுபோல் வெளுத்திருந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம்பா.”

“போனா வேலையை விட்டே எடுத்துடுவாங்க. அம்மாவுக்குச் சொல்லிடாதே.”

இங்கே போனில் சிக்னல் கிடைக்காது. விடிந்ததும் டவுனுக்கு வரும் பால் லாரியில் இதை உனக்குக் கொடுத்தனுப்புவேன். உடனே வா. நீ சொன்னால் இப்போதும் கேட்பார்.

நான் அவர் கால்விரலையே பார்ப்பதைக் கண்டு விளக்கை அணைத்துவிட்டார்; இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன்.

உன் மகள்