ஆறடி தள்ளியிருந்த குளியலறையும் பதினோராயிரம் கிலோமீட்டர் தொடர்பும்

அனுப்புநர்
கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்,
உறுப்பினர், அமெச்சூர் வானொலிச் சங்கம்,
கடை எண் 7, பேருந்து நிலையம் எதிரில்.

பெறுநர்
உரிம அலுவலர் அவர்கள்,
வானொலி உரிமப் பிரிவு.

பொருள்: தொலைதூரத் தொடர்புக் கேடயம் மறுக்கப்பட்டது – குளியலறையையும் வானொலி நிலையத்தின் பகுதியாகக் கருத வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் சங்கத்தில் ஆண்டுதோறும், மிகத் தொலைவிலுள்ள நிலையத்துடன் பேசியவருக்குக் கேடயம் வழங்கப்படுகிறது. ஒன்பது ஆண்டுகளாக நான் உறுப்பினர். கேடயத்தைத் துடைத்துக் கொடுத்திருக்கிறேன், வாங்கியதில்லை.

2. பதினோராயிரத்து நானூறு கிலோமீட்டருக்கு அப்பால், நடுக்கடல் தீவொன்றில் வானிலை ஆய்வு நிலையம் உள்ளது. அங்கே தனியாக வேலை பார்ப்பவர் அவ்வப்போது வானொலியில் பேசுவார் என்று கேள்விப்பட்டு, ஏழு மாதம் தினமும் காலை ஆறு முதல் ஏழு வரை கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை சுவரைத் தட்டியதைத் தவிர வேறு பதில் இல்லை.

3. சென்ற மாதம் 29, திங்கட்கிழமை, வானொலிப் பெட்டியை அணைக்க மறந்து குளிக்கப் போனேன். ஏழு ஐந்துக்குத் தீவுக்காரர், உரிமத்தில் தாங்கள் அடையாளமாகத் தந்த என் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். என் மனைவி எலும்பு மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பாளர். எந்த அழைப்பையும் அவரால் சும்மா விட முடியாது. மைக்கை எடுத்து, மருத்துவமனையில் பேசும் ஆங்கிலத்திலேயே பெயர், வயது, என்ன தொந்தரவு என்று விசாரித்திருக்கிறார். பிறகு குளியலறைக் கதவைத் தட்டி அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"ஏங்க, யாரோ தீவுலேருந்து பேசுறாரு. ஆறு மாசமா முதுகுவலியாம், பாவம். வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லிட்டேன்."

நான் சோப்பு நுரையோடு ஓடி வந்தபோது வெறும் இரைச்சல்தான் இருந்தது.

4. தீவுக்காரரும் என் மனைவியும் அழைப்புக்குறிகளைச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுடையது பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறது. குரல் எப்படிக் கேட்கிறது என்று அவர் கேட்டதற்கு, "தெளிவாகக் கேட்கிறது, கத்த வேண்டாம்" என்று என் மனைவி பதிலளித்திருக்கிறார். தொடர்புக்கு வேண்டிய எல்லாம் இதில் அடக்கம்.

5. சங்கச் செயலாளர் லிஃப்ட் மெக்கானிக். உரிமம் உள்ளவர் நிலையத்தில் உடனிருந்தால் மட்டுமே மற்றவர் பேசலாம் என்ற சங்க விதியைக் காட்டி, நான் உடனில்லை என்று தள்ளுபடி செய்துவிட்டார். என்னை விட்டால் அதிக தூரம் பேசியவர் அவர்தான் (9,800 கிலோமீட்டர்) என்பதைக் குற்றச்சாட்டாக அல்ல, தகவலாகத் தெரிவிக்கிறேன். பெட்டிக்கும் குளியலறைக் கதவுக்கும் இடைவெளி ஆறடி. வரைபடம் இணைப்பில்.

6. வியாழனன்று செயலாளர் சாட்சியாக வந்து என் வீட்டில் தேநீர் அருந்தினார். சரியாகப் பத்துக்குத் தீவுக்காரர் வானொலியில் வந்தார். நான் என்னை அறிமுகம் செய்துகொண்டேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, திங்கட்கிழமை பேசிய அம்மா இருக்கிறாரா என்று கேட்டார். நாற்காலி உயரம் பற்றி மருத்துவர் சொல்லி அனுப்பியதை என் மனைவி அவருக்கு விளக்கினார். யாரும் தன் உடம்பைப் பற்றி விசாரித்துப் பல மாதங்கள் ஆகின்றன என்று அவர் சொன்னபோது செயலாளர் மூக்கைச் சிந்தினார். ஆனால் போட்டி ஆண்டு புதன்கிழமையே முடிந்துவிட்டதால் அன்றைய பேச்சு கணக்கில் வராது என்றார்.

7. ஐயா, ஏழு மாதம் நான் என் அழைப்புக்குறியை மட்டும் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். என்ன தொந்தரவு என்று கேட்கத் தோன்றவில்லை. கேடயத்தில் மனைவியின் பெயரைப் பொறித்தாலும் எனக்குச் சம்மதமே. அவர் உரிமத் தேர்வு எழுதுவதற்கான விண்ணப்பத்தையும் இணைத்துள்ளேன்.

ஆகவே, குளியலறையும் நிலையத்தில் அடங்கும் என்று தாங்கள் எழுத்துமூலம் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். தீர்ப்பு பாதகமாக இருந்தால், கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் கடை முகவரிக்கே அனுப்பவும். கேடயம் எனக்குக் கிடைத்துவிட்டதாக என் மனைவி மருத்துவமனை முழுவதும் சொல்லி, கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறார்.

இடம்: கடை
தேதி: ஏப்ரல் 6

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்